வெள்ளிக்கிழமை மிச்சம்

மாத்திரை அக்காவை எங்கள் பக்கம் அனுப்பியதே தண்டனையாகத்தான். ஆஸ்பத்திரியின் பெரிய மருந்தகத்தில் இருந்தபோது, தேதி முடிந்த இருமல் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துத் தீர்க்கச் சொன்ன மேலதிகாரியிடம், முதலில் நீங்கள் இரண்டு மூடி குடியுங்கள், பார்த்துவிட்டுக் கொடுக்கிறேன் என்று வரிசையில் நின்ற எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். மறுநாளே மாற்றல் உத்தரவு வந்தது. வேறு ஊருக்கு அல்ல. அதே கட்டடத்தின் பின்பக்கம், பிணவறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் இருந்த பதினெட்டாம் அறைக்கு. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுக்கிற அறை அது. அன்றைக்கு எங்கள் துறையில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அங்கே போகாமல் தப்பிக்க நாலு பேர் மருத்துவ விடுப்பு எடுத்திருந்தார்கள், அதில் ஒருவர் டாக்டர்.

அக்கா மட்டும் உத்தரவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பத்தொன்பது வருஷம் ஆகிறது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

நான் அடுத்த அறையில் ரத்தம் எடுப்பவன். ஆஸ்பத்திரியில் எனக்குக் கொசு என்று பெயர். நேரில் கூப்பிட மாட்டார்கள், ஆனால் எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்தக் கதையில் வேறு யாருக்கும் பெயர் வராது. எங்கள் வேலையில் ஆளுக்கு எண்தான், பெயரை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவோம். ரகசியத்தில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. 'உங்கள் ரகசியம் காக்கப்படும்' என்று பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறோம். மாட்டியிருப்பது என் அறையையும் அக்கா அறையையும் பிரிக்கும் பலகைத் தடுப்பில். தடுப்பு கூரைக்கு இரண்டடி கீழே நின்றுவிடும். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் என் மேஜை மேல் தாள் பறக்கும். அக்காவைப் பற்றி நான் சொல்லப்போவதெல்லாம் அந்த இரண்டடி வழியாக வந்ததுதான்.

அக்கா அறையின் உள்சுவரில், ஜன்னலுக்கு நேர் எதிரே இன்னொரு பலகை இருந்தது. சிவப்பு எழுத்தில் 'மாத்திரையைத் தினமும் இரவு 9 மணிக்குத் தவறாமல் சாப்பிடவும்' என்று இருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் பாட்டிலை நீட்டுவார்கள். நானும் பார்த்துப் பார்த்து, கடைசியில் அது கண்ணிலேயே படாமல் போய்விட்டது.

நோய் எங்கள் பக்கம் வந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலில் வரவே வராது என்றார்கள். நம் குடும்பங்கள் கட்டுக்கோப்பானவை, இது வெளிநாட்டுக்காரன் வியாதி என்று ஒரு பெரிய மனிதர் ரேடியோவில் அழுத்தம் திருத்தமாகப் பேசினார். ஆசியாவில் இன்னும் பல இடங்களில் இதே பேச்சை அவரவர் மொழியில் பேசினார்கள் என்று பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் தெரிந்துகொண்டேன். வைரஸ் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லாரியில் ஏறியது, கப்பலில் ஏறியது, ஊசியில் ஏறியது, வாசற்படி தாண்டாத பெண்களிடமும் போய்ச் சேர்ந்தது. இல்லை என்று இனிமேல் சொல்ல முடியாது என்றானதும், பக்கத்து நாட்டிலிருந்து வந்தது என்றார்கள். எங்கள் டாக்டரம்மா பக்கத்து நாட்டுக்குப் பயிற்சிக்குப் போனபோது அங்கே சுவரில் ஒரு வரைபடம் இருந்ததாம். அதில் அம்புக்குறி நம் நாட்டிலிருந்து புறப்பட்டிருந்ததாம்.

அப்புறம் மண்டை ஓடு போட்ட சுவரொட்டி அடித்தார்கள். பார்த்தவர்கள் பயந்துபோய்ச் சோதனைக்கு வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். சோதனைக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை குறைந்திருப்பதால் நோய் கட்டுக்குள் வந்துவிட்டது என்று மேலே அறிக்கை போனது. அந்த அறிக்கையைப் பாராட்டி ஒரு கேடயமும் வந்தது, இன்னும் டாக்டரம்மா அலமாரியில் இருக்கிறது.

நல்லது நடக்காமலும் இல்லை. பணக்கார நாடுகளில் மட்டும் கிடைத்துக்கொண்டிருந்த மாத்திரையை ஆசியாவிலேயே மலிவாகச் செய்ய ஆரம்பித்து, இலவசமாகவும் கொடுத்தார்கள். அக்கா வந்து உட்கார்ந்தது அந்த முதல் வருஷத்தில்தான். முந்நூறு பேருக்கு மாத்திரை வந்தது. வரிசையில் தொள்ளாயிரம் பேர் நின்றார்கள். யாருக்கு என்று முடிவு செய்தது ஒரு குழு. குழு எங்கோ மாடியில் இருந்தது, ஜன்னலில் இருந்தது அக்கா. "அடுத்த மாசம் வாங்க" என்று அறுநூறு பேரிடம் அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. அப்படிக் கேட்டுப் போனவர்களில் நாற்பத்தோரு பேர் அடுத்த மாதம் வரவில்லை. அந்த நாற்பத்தோரு முகமும் அக்காவுக்குத் தெரியும். ஒருநாள் டீ குடிக்கும்போது ஒவ்வொருவராகச் சொன்னார், என்ன சட்டை போட்டிருந்தார்கள் என்பது உட்பட. நான் டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

அந்த வருஷத்தோடு அக்காவுக்கு ஒரு குணம் வந்து ஒட்டிக்கொண்டது. மாத்திரையை வீணாக்கினால் அவருக்குப் பொறுக்காது.

எங்கள் வழக்கம் இது. முப்பது மாத்திரை கொடுப்போம், ஒரு நாளைக்கு ஒன்று. இருபத்தெட்டாம் நாள் பாட்டிலோடு வர வேண்டும். அக்கா ஒரு நீலத் தட்டில் மிச்சத்தைக் கொட்டி, சின்னக் கரண்டியால் தள்ளித் தள்ளி எண்ணுவார். இரண்டு இருந்தால் சரி. மூன்று இருந்தால் ஒரு நாள் சாப்பிடவில்லை. ஐந்து இருந்தால் அன்றைக்கு அந்த ஆள் பிழைத்தார் என்று சொல்ல முடியாது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலக் கேட்பார். "இது மாத்திரை இல்ல, ஒருத்தரோட ஒரு நாள். உங்களுக்கு வேணாம்னா சொல்லுங்க, அந்த நாளைக்காகக் காத்திருந்து செத்தவங்களை எனக்குத் தெரியும்" என்பார். மிஞ்சினதை யாரும் வெளியே போட்டுவிடக் கூடாது, ஒன்று விடாமல் தட்டுக்கு வந்தாக வேண்டும் என்பதும் அவர் சட்டம்தான். அறுபது வயது ஆள்கூட அக்கா அக்கா என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாலு பேர் எதிரில் திட்டுவதால் ரகசியம் என்ன ஆகிறது என்று ஒருமுறை கேட்டேன். எண்ணைச் சொல்லித்தானே திட்டுகிறேன் என்றார்.

எண்ணித் திட்டுகிற அதே கையால் இன்னொன்றும் செய்வார். மாத்திரை பாட்டிலை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதவர்கள்தான் எங்களிடம் அதிகம். அவர்களுக்காக அக்கா பெரிய மருந்தகத்திலிருந்து சத்து மாத்திரை பாட்டில்களைக் காலியானதும் வாங்கி, கழுவிக் காயவைத்து, ஒரு சாக்கில் போட்டுவைத்திருப்பார். மாத்திரையை அதில் மாற்றிக் கொடுத்துவிட்டு, எங்கள் லேபிளைக் கிழித்துத் தன் குப்பைக்கூடையில் போட்டுக்கொள்வார். ஊரில் பல வீடுகளில் எலும்பு பலத்துக்கு என்று சொல்லித்தான் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். "எதுக்கு மறைக்கணும், வீட்ல சொல்லுங்க" என்றும் எல்லாரிடமும் சொல்வார். அதைச் சொல்கிற அக்கா, தான் எங்கே வேலை பார்க்கிறார் என்று தன் புகுந்த வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அங்கே அவர் பல் பிரிவில் இருப்பதாகக் கேள்வி. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் அவர் எதிரில் வாயைத் திறந்து காட்டுவார்களாம். அக்காவும் உள்ளே எட்டிப்பார்த்து, கடைவாய்ப்பல் என்று ஏதோ சொல்லிவைப்பாராம்.

லிப்ட்காரரும் நோட்டுக்காரம்மாவும் எங்களிடம் வர ஆரம்பித்து எட்டு வருஷம்.

லிப்ட்காரர் உயரமான கட்டடங்களில் லிப்ட் பழுது பார்ப்பவர். முழங்கை வரை கிரீஸ். சோதனையில் தெரிந்தபோது, வெளிநாட்டில் வேலை பார்த்த நாளில் செய்த தப்பு என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். மூன்று மாதம் கழித்து நோட்டுக்காரம்மா வந்தார். பள்ளி நோட்டுகளுக்கு நூல் கோத்துத் தைக்கிற பட்டறையில் வேலை, விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பு. இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்கள், அதில்தான் வந்திருக்க வேண்டும் என்றார். படிவத்தில் கணவர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அக்கா அதைப் படித்தார், கதவு எண்ணைப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்தார். புருஷனும் பெண்டாட்டியும். இரண்டு பேருமே, தன்னால்தான் வந்தது, அந்தப் பக்கம் பாவம் ஒன்றும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். யாரிடமிருந்து யாருக்கு என்று எங்களுக்கும் தெரியாது. பக்கத்து வீட்டைக் கைகாட்டுகிற புத்தி நாடுகளுக்கு இருக்கிற அளவு இந்த இரண்டு பேருக்கு இல்லை.

வீட்டில் சொல்லுங்கள், கூட்டிக்கொண்டு வாருங்கள், நாங்கள் பேசுகிறோம் என்று டாக்டரம்மாவும் அக்காவும் இருவரிடமும் தனித்தனியாகத் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். அவ தாங்க மாட்டா என்றார் இவர். அவரு உடைஞ்சு போயிடுவாரு என்றார் அந்தம்மா. இவருக்கு இருக்கிறது என்று அவரிடமோ, அவருக்கு இருக்கிறது என்று இவரிடமோ சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஆக அக்கா அவருக்குச் செவ்வாய்க்கிழமையும் அந்தம்மாவுக்கு வெள்ளிக்கிழமையும் ஒதுக்கினார். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பாயில் படுக்கிற இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துவிடாமல் காப்பது எங்கள் அரசாங்க வேலையாயிற்று. ஆணுறையும் தனித்தனியாக வாங்கிப் போனார்கள். இனிமேல் குழந்தை வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாக அவர் வீட்டில் சொல்லிவைத்திருந்தார். தனக்குக் கருத்தடை மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று அந்தம்மா சொல்லிவைத்திருந்தார். எதிராளி மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டதில் இருவருக்குமே தங்கள் சாமர்த்தியம் பற்றிக் கொஞ்சம் பெருமை.

இந்த இரண்டு பேரில் லிப்ட்காரர்தான் அக்காவின் செல்லப்பிள்ளை. தட்டில் கொட்டினால் இரண்டு. எப்போது கொட்டினாலும் இரண்டு. "கண்ணாடி மாதிரி மனுஷன். இவரைப் பார்த்துக் கத்துக்கங்க" என்று வரிசையிடம் காட்டுவார். அவர் கூச்சத்தோடு பாட்டிலை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்.

நோட்டுக்காரம்மா அதற்கு நேர்மாறு. முதல் சில வருஷம் சரியாகத்தான் இருந்தார். ஒரே ஒருமுறை மூன்று அதிகம் இருந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார். அன்றைக்கு அக்கா கேட்ட கேள்வியில் அந்தம்மா என் அறைக்குள் வந்து உட்கார்ந்து அழுதார். ஊசி குத்திய இடம் வலிக்கிறதாக்கும் என்று வெளியே இருந்தவர்கள் என்னை முறைத்தார்கள். அதன் பிறகு எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு வருஷமாகத்தான் திடீரென்று மோசம். ஒரு மாதம் ஆறு, ஒரு மாதம் எட்டு, ஒன்பது. கணக்குப்படி வாரத்துக்கு ஒரு நாளாவது மாத்திரையைத் தொடவில்லை. அக்கா ஒவ்வொரு முறையும் கிழிகிழியென்று கிழிப்பார். அந்தம்மா வாயே திறக்க மாட்டார், கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். "கல்லு மாதிரி நிக்கறா பாரு, ஒரு வார்த்தை பதில் வருதா" என்று அக்கா தடுப்பு வழியாக என்னிடம் பொருமுவார்.

இந்த வருஷ ஆரம்பத்தில் இருவருக்கும் வைரஸ் அளவு பார்க்கும் முறை வந்தது. நான்தான் ரத்தம் எடுத்தேன். முடிவு வந்த அன்று டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

லிப்ட்காரர் ரத்தத்தில் வைரஸ் ஏறியிருந்தது, கொஞ்ச நஞ்சமல்ல. நோட்டுக்காரம்மா ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவரிடம் நோய் ஏறுகிறது, சாப்பிடாதவரிடம் இருக்கிற இடம் தெரியவில்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையிலேயே புரிந்துவிட்டது. "டியூபை மாத்தி ஒட்டிட்டீங்களா?" என்று கேட்டார்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. இருபத்திரண்டு வருஷம், எத்தனை ஆயிரம் டியூப், ஒன்று மாறியதில்லை. அதுவும் ஒருவர் செவ்வாய், ஒருவர் வெள்ளி, மாற்ற வேண்டுமென்று நினைத்தாலும் மூன்று நாள் காத்திருந்துதான் மாற்ற வேண்டும். அக்காவும் நான்தான் மாற்றினேன் என்றார். என் தட்டு பொய் சொல்லாது என்றார். என் ஊசி மட்டும் சொல்லுமா என்று கேட்டேன். ஒரு வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை, டீயும் தனித்தனியாகத்தான்.

இரண்டு பேரையும் வரவழைத்து மறுபடி ரத்தம் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் டியூபைக் கையில் பிடித்துக்கொண்டு ஆய்வகம் வரை நானே நடந்தேன். முடிவு அப்படியே வந்தது. லிப்ட்காரருக்கு இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. என் மானம் தப்பியதில் வந்த சந்தோஷம் டாக்டரம்மா அடுத்துச் சொன்னதில் போய்விட்டது. மாத்திரை ஒழுங்காகப் போயும் ஏறுகிறதென்றால் மருந்து அவருக்கு வேலை செய்யாமல் போய்விட்டது என்று அர்த்தம். அடுத்த வகை மருந்து எங்களிடம் கிடையாது, தலைநகரத்தில் ஒரு குழு அனுமதிக்க வேண்டும். போன வருஷம் இரண்டு பேருக்கு எழுதியிருந்தோம். அனுமதி வந்தபோது ஒருவர்தான் இருந்தார். மூன்று மாதம் பார்ப்போம், இறங்காவிட்டால் எழுதுகிறேன் என்றார் டாக்டரம்மா. இன்னொரு குழு என்றதும் அக்காவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். நாற்பத்திரண்டாவது முகம் யாருடையது என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நோட்டுக்காரம்மாவின் முறை. தட்டில் ஒன்பது மாத்திரை. அக்கா அன்றைக்குத் திட்டவில்லை. வரிசையை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அந்தம்மாவை உள்ளே கூப்பிட்டு ஜன்னலை மூடினார். தடுப்புக்கு மேலே இரண்டடி இருப்பதை அவரும் மறந்துவிட்டார், நானும் ஞாபகப்படுத்தவில்லை.

"உன் தட்டு ஒண்ணு சொல்லுது, ரத்தம் ஒண்ணு சொல்லுது. ஏழு நாள் சாப்பிடாதவ ரத்தம் இவ்வளவு சுத்தமா இருக்காது. என்னம்மா நடக்குது?" என்று கேட்டார் அக்கா.

 அந்தம்மா, "எனக்கு நல்லா இருக்குன்னா, அப்ப அவருக்கு?" என்றார்.

"யாருக்கு?"

"செவ்வாய்க்கிழமை வர்றவருக்கு."

அக்கா, செவ்வாய்க்கிழமை யார் வருகிறார்கள் என்று தனக்குத் தெரியாது என்று சட்டப்படி ஒரு பொய்யை மெல்லச் சொல்லிப் பார்த்தார். அந்தம்மா அதைச் சட்டை செய்யவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் புருஷனின் கருவிப் பையில் டார்ச் தேடியபோது வெள்ளைப் பாட்டில் ஒன்று கிடைத்திருக்கிறது. தன்னுடையதை யாரோ எடுத்து அதில் போட்டுவிட்டார்கள் என்று பதறி ஓடிப்போய்ப் பார்த்தால், தன்னுடையது நோட்டுத்தாள் கட்டுக்குப் பின்னால் வைத்த இடத்திலேயே இருந்திருக்கிறது. இதிலும் அதே மாத்திரை. பாட்டிலும் அக்கா கழுவிக் கொடுத்ததுதான். "முதல்ல ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு அக்கா. இனிமே நான் தனியா இல்லைன்னு. அப்புறம் அப்படி நினைச்சதுக்கு வெட்கமா இருந்துச்சு" என்றார்.

அவர் மறைக்கிறார் என்றால் தெரியக்கூடாது என்றுதானே மறைக்கிறார் என்று இவரும் தெரியாத மாதிரியே இருந்துவிட்டார். ஆனால் பாட்டிலை மட்டும் அவ்வப்போது எண்ணிப் பார்த்திருக்கிறார். மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அது நிறைந்துவிடும். குறைய வேண்டிய வேகத்தில் குறையவில்லை. ஏன் என்று யோசித்தபோது காரணம் புரிந்தது. ஒன்பது மணிக்கு வீட்டில் எல்லாரும் முழித்திருப்பார்கள். புருஷன் இவர் தூங்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார். இவர் புருஷன் தூங்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார். இரண்டு வருஷமாக வேலை கூடிப்போய்ப் பகலெல்லாம் லிப்ட் குழியில் இறங்கி ஏறுகிற மனுஷன் நிஜமாகவே தூங்கிவிடுவார். இவர் எழுந்து தன் மாத்திரையைச் சாப்பிடுவார். தெரிந்த நாளிலிருந்து, படுத்த உடனே குறட்டை விடுவது போலக்கூட நடித்துப் பார்த்திருக்கிறார். பாதி நாள் அதையும் மீறி அவர் அசந்துவிடுவார்.

"அப்ப அந்த மிச்சம்?" என்று கேட்டார் அக்கா. கேட்கும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

"அவரோடதுதான். அவரு வர்றதுக்கு முந்தின ராத்திரி ரெண்டை மட்டும் விட்டுட்டு மீதியை எடுத்து என் பாட்டில்ல போட்டுப்பேன். வெளிய போடக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க."

"எதுக்கும்மா இப்படிப் பண்ணினே?"

"என்னைத் திட்டினா நான் அழுதுட்டு அடுத்த மாசம் வந்துடுவேன் அக்கா. அவரை அப்படித் திட்டினா அவரு திரும்பி வரமாட்டாரு."

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருஷம். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஒரு மாத்திரைகூடத் தவறவிடாத ஒருத்தியை நாங்கள் கல் என்றோம். அக்காவுக்கு அப்போது எப்படி இருந்ததோ தெரியாது, எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. தனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லிவிட வேண்டாம் என்று அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டு போனார். சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை என்பது அப்போதுதான் ஒரு சௌகரியமாகத் தெரிந்தது.

வரிசை முடிந்த பிறகும் அக்கா எழுந்திருக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "கொசு, இங்க வா" என்றார். நேரில் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. போனேன். அண்ணாந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பது மணின்னு யாருய்யா சொன்னது?"

யோசித்துப் பார்த்தபோதுதான் எனக்கும் உறைத்தது. பழைய மாத்திரை சாப்பிட்டால் தலை சுற்றும், கண்ட கனவெல்லாம் வரும். அதனால் படுக்கப்போகும்போது சாப்பிடச் சொன்னோம். அந்த மாத்திரை போய் மூன்று வருஷம் ஆகிறது. புதியதை எந்த நேரமும் சாப்பிடலாம், தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும். சுற்றறிக்கை வந்தது. அக்கா படித்துக் கையெழுத்துப் போட்டு ஆணியில் குத்தினார். பலகையைக் கழற்றுவது கட்டடப் பிரிவின் வேலை, அதற்குக் கடிதம் எழுதினோம், பதில் வரவில்லை. பலகை அங்கேயே இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அக்கா வாயும் ஒன்பது மணி ஒன்பது மணி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எங்களிடம் மாத்திரை வாங்குகிற எழுநூறு வீடுகளில் எத்தனை பேர், மற்றவர்கள் எப்போது தூங்குவார்கள் என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்களோ. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம், கேட்கவில்லை.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். நான் பிடித்துக்கொண்டேன். ரத்தம் எடுக்கக் கையில் கட்டுகிற பட்டையை வெட்டும் என் கத்தரிக்கோலால் ஆணியை நெம்பி, பலகையைக் கழற்றிக் கீழே கொடுத்தார். கட்டடப் பிரிவிலிருந்து விளக்கம் கேட்டு மறுநாளே கடிதம் வந்தது. கடிதத்துக்குப் பதில் போட அவர்களுக்கு மூன்று வருஷம் ஆகும், கேள்வி கேட்க ஒரு நாள் போதும் என்று தெரிந்துகொண்டோம்.

செவ்வாய்க்கிழமை லிப்ட்காரரை வரச்சொல்லியிருந்தார் அக்கா. முறை இல்லாத வாரத்தில் கூப்பிட்டதால் அவர் பயந்துபோய் வந்தார், வேலை உடுப்பிலேயே. அக்கா அவரை உள்ளே உட்காரவைத்து, ஜன்னலை மூடிவிட்டு, ரத்தத்தில் வைரஸ் ஏறியிருப்பதைச் சொன்னார். இப்படியே போனால் இந்த மருந்து உதவாது, அடுத்ததற்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். மாத்திரை தவறுகிறதா என்று கேட்கவில்லை. நாளையிலிருந்து காலையில் சாப்பிடுங்கள், வேலைக்குப் போன இடத்தில், லிப்ட் மோட்டார் அறையிலேயே பாட்டிலை வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கே கொண்டுபோக வேண்டாம் என்றார்.

அவர் நிமிர்ந்து பார்த்திருப்பார். பலகை இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"மருந்து மாறி மூணு வருஷம் ஆச்சு. நான்தான் ஒன்பது மணியைப் பிடிச்சுத் தொங்கிட்டேன். தப்பு என் மேலதான்" என்றார் அக்கா. பத்தொன்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

லிப்ட்காரர் எழுந்திருக்கவில்லை. கிரீஸ் படிந்த விரலால் தட்டின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்.

"வெள்ளிக்கிழமை வர்றவங்களை இனிமே திட்டாதீங்க அக்கா. அந்த மிச்சம் என்னுது."

அக்காவின் கரண்டி தட்டில் விழுந்த சத்தம் கேட்டது.

"ஏழு நாள் விட்டா ஒன்பது இருக்கணும். ராத்திரி எண்ணினா ஒன்பது இருக்கும், காலையில பார்த்தா ரெண்டு. மாத்திரைக்குக் காலா முளைக்கும்? எங்க போகுதுன்னு ஒருநாள் தேடினேன். நோட்டுக்கட்டுக்குப் பின்னால இருந்துச்சு, அவளோடதோட சேர்ந்து." தட்டைத் தேய்க்கிற சத்தம் நின்றது. "நீங்க என்னைக் கண்ணாடின்னு சொல்லும்போதெல்லாம், இந்த வெள்ளிக்கிழமை அவ கண்ணு வீங்கி வருவாளேன்னு இருக்கும்."

"அப்ப ஏன் அவகிட்ட கேக்கலை?"

"நீ ஏன் எடுத்தேன்னு கேட்டா, எல்லாத்தையும் கேக்கணுமே அக்கா."

தனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு அவரும் போனார். அக்கா என்னிடம் வந்து, கேட்டியா என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ரகசியம் காக்கப்படும் என்றேன். சிரிக்கத்தான் சொன்னேன், இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

மூன்று மாதத்தில் அவர் ரத்தத்தில் வைரஸ் இறங்கிவிட்டது. டாக்டரம்மா குழுவுக்கு எழுத வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கும் அவர் செவ்வாய்தான், அந்தம்மா வெள்ளிதான். கிழமையை மாற்றிக்கொள்கிறீர்களா என்று இருவரிடமும் ஒருமுறை கேட்டோம். வேண்டாம், வீட்டில் சந்தேகம் வரும் என்றார்கள்.

பலகை போன பிறகு வந்த முதல் முறையில், நோட்டுக்காரம்மா வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு பாட்டிலை நீட்டினார். நான் அக்கா அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தட்டில் கொட்டினார். இரண்டு. கரண்டியால் தள்ளி எண்ணினார், மறுபடி எண்ணினார், மூன்றாம் தடவையும் எண்ணினார். இரண்டு மாத்திரையை எண்ண அவ்வளவு நேரம் ஆனதை அன்றுதான் பார்த்தேன். திட்டுக்காகக் காத்து நின்ற அந்தம்மா மெல்ல நிமிர்ந்து, "இன்னைக்கு ஒண்ணும் சொல்லலையே அக்கா" என்றார்.

"சரியா இருக்கும்மா. எப்பவுமே சரியாத்தான் இருந்துச்சு" என்றார் அக்கா.

அந்தம்மா பாட்டிலை வாங்கிக்கொண்டு, அழாத கண்ணோடு வீட்டுக்குப் போனார். சாயங்காலம் வேலை முடிந்து வந்த லிப்ட்காரர் அதைப் பார்த்திருப்பார்.